2ஏ

முதல் வரிசையைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள்.
வேண்டாம் என்பேன்.
திரைக்கு அந்தப் பக்கம் அடுப்படி,
ராத்திரி பூரா கரண்டிச் சத்தம்,
துணி விலகும்போதெல்லாம்
ஒரு துண்டு வெளிச்சம் இமைமேல் விழும்.
கடைசி வரிசையும் வேண்டாம்.
கழிவறைக் கதவு பதினாலு மணி நேரம்
மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்.
நடுவில் இரட்டை இருக்கைகள்
சண்டை போடாத தம்பதிகளுக்கு.
அப்படி யாரும் எங்கள் ஆபீஸுக்கு வந்ததில்லை.

மிச்சம் 2ஏ.
ஜன்னல் மூன்று, மார்பளவுக்கு ஒரு கதவு.
இறக்கை பின்னால் போய்விடும்,
கீழே என்ன ஊர் என்று பார்க்கலாம்.

இதெல்லாம்
லிங்கிச்செட்டி தெருவில், மாடிப்படிக்கு அடியில்,
மூன்றுக்கு மேல் வைத்தால் கத்துகிற ஃபேன் கீழே
உட்கார்ந்து நான் சொல்வது.
மீனம்பாக்கத்தில் நான் தொட்டது
வழியனுப்புகிறவர்கள் சாயும் கம்பியை மட்டும்.

நெய்னா ஹாஜியார் கேட்டார்:
"கிப்லா எந்தப் பக்கம் வரும்மா?"
துபாய் வரைக்கும் மூக்குக்கு நேரே.
அங்கிருந்து நியூயார்க்குக்கு ஏறினால்
கொஞ்ச நேரம் இடது தோள்,
அப்புறம் முதுகுக்குப் போய்விடும் என்றேன்.
இடது தோளை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
சௌகார்பேட்டை பவரிபாய்க்கு
முட்டை வாசனை வராத இடம் வேண்டும்.
தங்கச்சாலை இரும்புக்கடைக்காரருக்கு
எண் ஒன்பது வேண்டும்.
அந்த வகுப்பில் மொத்தம் நாலு வரிசை சார் என்றால்
"அப்ப வேற ப்ளேன் பாரு."

திரும்பி வருகிறவர்கள் குறை சொல்லிச் சொல்லித்தான்
எனக்கு விமானம் தெரிந்தது.
எட்டு வருஷத்துக் குறைகளை ஒட்டி
நானே ஒன்று கட்டி வைத்திருக்கிறேன்.
அதில் நல்லது என்று ஒன்றும் கிடையாது,
2ஏ தவிர.

வியாழக்கிழமை ஹாஜியார் போன் பண்ணினார்.
போகலைம்மா.
காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
திரையில் நீலக் கட்டம் வெள்ளையானது.
அந்தக் கட்டத்தின் விலை
விம்கோ நகரில் எங்கள் வீட்டுக்கு
ஐந்து வருஷ வாடகை.
பணம் கட்டாமல் ஆறு மணி வரை பிடித்து வைக்கலாம்.
மணி நாலே முக்கால்.
லெப்பை சார் தொழுகைக்குப் போயிருந்தார்.

ஏழுமலை. கனகவல்லி.
உணவு: மீன் இருந்தால் மீன்.

நீலமானது.
அப்புறம் நான் இரண்டு விசா படிவம் நிரப்பினேன்,
உம்ரா கூட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் அடித்தேன்,
டீ குடித்தேன், கிளாஸைக் கழுவி வைத்தேன்,
எல்லாம் 2ஏயிலிருந்து.
ஆறு அடித்தபோது யாரும் வந்து எழுப்பவில்லை.
கட்டம் தானாக வெளுத்தது.

பீச் ஸ்டேஷன் கவுண்டரில்
ஃபர்ஸ்ட் கிளாஸ் ஒன்று, விம்கோ நகர் என்றேன்.
"சீசன் வெச்சிருப்பியேம்மா" என்றார் தெரிந்தவர்.
இருக்கு, இன்னிக்கு இது குடுங்க.

பெட்டியில் ஈ காக்காய் இல்லை.
வலப்பக்கம் கடல்தான், கன்டெய்னர் அடுக்கு மறைத்துவிடும்.
இடப்பக்கம் போகிற வெயில், அதோடு சரக்கு யார்டு.
கதவோரம் என்றால் ராயபுரத்தில்
ஏறத் தெரியாமல் ஏறுகிறவர்கள் காலை மிதிப்பார்கள்.
இந்த ஷட்டர் நிற்காது, கழுத்தில் விழும்.
அந்த ஃபேனுக்குக் கூண்டு இல்லை.
மூலையில் யாரோ வெற்றிலை போட்டிருக்கிறார்கள்.
வண்டி நகர்ந்து வண்ணாரப்பேட்டையும் போனது.
எந்த இருக்கையைப் பிடித்தாலும்
கொருக்குப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் போடுவான்.
போட்டான்.

பரிசோதகர் ஒரு பெண், என் வயசுதான்.
டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்,
என் செருப்பையும்.
"சரியாத்தான் இருக்கு. உக்காருங்களேன்.
இங்க நம்பர்லாம் கிடையாது."

தண்டையார்பேட்டை தாண்டியும்
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.